ஹீட் புரொடெக்டன்ட் வாங்கும் முன்: முடியைச் சூட்டிலிருந்து காக்க எது முதலில், எது பிறகு

ஸ்ட்ரெய்ட்னர் வாங்கிய கையோடு பலரும் தேடுவது ஒரு ஹீட் புரொடெக்டன்ட் ஸ்ப்ரே. எந்த பிராண்ட் நல்லது, ஸ்ப்ரேயா சீரமா என்று பேச்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்ப்ரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முடியைச் சூட்டிலிருந்து காப்பதில் அதற்கு மூன்றாவது இடம்தான். முடியில் எவ்வளவு ஈரம் இருக்கும்போது சூடு வைக்கிறோம் என்பது முதலாவது. எத்தனை டிகிரியில், எத்தனை தடவை வைக்கிறோம் என்பது இரண்டாவது. இந்த இரண்டையும் கவனிக்காமல் மூன்றாவதில் பணத்தைக் கொட்டினால் பாட்டில் காலியாகும். நுனி வெடிப்பது நிற்காது.

முடிவெடுக்க வேண்டிய இடங்கள் நாலைந்து இருக்கின்றன. தலைக்குக் குளித்ததும் தானாகக் காயவிடுவதா, டிரையரா? டிரையரும் பிரஷ்ஷும் போதுமா, ஸ்ட்ரெய்ட்னர் வேண்டுமா? எத்தனை டிகிரி? ஸ்ப்ரேயா, சீரமா, எண்ணெயா? சூடே இல்லாமல் சமாளிக்க முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன் சூடு பட்டால் முடிக்குள் என்ன நடக்கிறது என்பது கொஞ்சம் தெரிந்திருந்தால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

முடிக்குள் நடப்பது

ஒரு முடியிழையின் தடிமன் சுமார் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர்தான். அதன் வெளிப்புறத்தை மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய அடுக்குகள் மூடியிருக்கும். அதுதான் க்யூட்டிக்கிள். செதில்களின் ஓரம் நுனியைப் பார்த்து இருக்கும். ஒற்றை முடியை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து வேரிலிருந்து நுனிக்கு உருவிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வேருக்கு உருவினால் லேசாகச் சொரசொரக்கும். நன்றாக இருக்கும் முடியில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ரொம்ப நாள் சூடு வாங்கிய முடியின் கடைசிப் பகுதியில் எந்தப் பக்கம் உருவினாலும் சொரசொரப்புதான். செதில்களில் விரிசல் விட்டு, ஓரங்கள் உடைந்து உதிர்ந்திருக்கும். பளபளப்பு போவதும் சிக்கு விழுவதும் இதனால்தான்.

க்யூட்டிக்கிளுக்கு உள்ளே கார்டெக்ஸ். முடியின் வலுவெல்லாம் இங்கே இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தில்தான். கெரட்டின் சங்கிலிகளைப் பல வகைப் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. அதில் ஸ்டைலிங்குக்கு முக்கியமானது ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டாலும் விட்டுப்போகும், சூடு பட்டாலும் விட்டுப்போகும். காய்ந்ததும் ஆறியதும் மறுபடி பிடித்துக்கொள்ளும். விட்ட நேரத்தில் முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ, பிடித்துக்கொள்ளும்போது அந்த வடிவம் நின்றுவிடும். சுருட்டுவதும் நேராக்குவதும் இந்த ஒரே வேலையைத்தான் நம்பியிருக்கின்றன. வடிவம் நிற்பது ஆறும்போதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். சுருட்டிய கற்றையைச் சூடு ஆறுமுன் விரலால் கோதினால் அது பாதியாக அவிழ்ந்துவிடும். அப்புறம் மறுபடி சூடு வைக்க வேண்டியிருக்கும். டிரையரில் உள்ள குளிர்காற்று பட்டன் இதற்காகத்தான். அதை அழுத்தி ஆறவிட்டால் இரண்டாவது தடவைக்கு வேலையே இல்லை.

இன்னொரு பிணைப்பு டைசல்ஃபைட். இது வலுவானது. முடியின் இயற்கையான சுருளையும் உறுதியையும் தாங்குவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இதுவும் கெரட்டினின் அமைப்பும் குலைந்துவிட்டால் ஆறினாலும் திரும்பாது, கழுவினாலும் திரும்பாது. முடிக்கு உயிர் இல்லை, தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் 30 சென்டிமீட்டர் நீள முடியின் நுனிக்கு வயது இரண்டரை வருடம். இன்று வைக்கும் சூடு, அதற்கு முன்னால் இரண்டரை வருடம் வைத்த சூட்டின் மேல் சேருகிறது. வேர்ப்பக்கம் தாங்கும் வெப்பத்தை நுனி தாங்காததற்கு இதுதான் காரணம்.

இனி ஈரம். நன்றாகக் காய்ந்ததாகத் தோன்றும் முடியிலும் எடையில் 10 முதல் 15 சதவீதம் தண்ணீர் இருக்கும். நனைத்தால் சுமார் 30 சதவீதம் வரை உறிஞ்சி உப்பும். கெரட்டினின் தாங்கும் திறன் இந்தத் தண்ணீரைப் பொறுத்து மாறுகிறது. உலர்ந்த முடியில் கெரட்டினின் அமைப்பு குலைய ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ் ஆகும். தண்ணீரில் ஊறிய முடியில் ஏறத்தாழ 150 டிகிரியே போதும். அது போக, ஈரம் உள்ளேயே கொதித்து நீராவியாகி வெளியே வர வழியில்லாமல் முடிக்குள் குமிழ்களை உண்டாக்கும். மருத்துவத்தில் இதற்குக் குமிழி முடி என்றே பெயர். 175 டிகிரியை எட்டும் டிரையரும், 125 டிகிரியில் ஒரு நிமிடம் பிடித்த கர்லிங் அயர்னும் இதை உண்டாக்கப் போதும் என்று தெரியவந்திருக்கிறது. குமிழ் விழுந்த இடத்தில் முடி வெறும் கூடு. சீப்பு பட்டாலே ஒடியும்.

ஈரமான கற்றையில் ஸ்ட்ரெய்ட்னரை வைத்ததும் வருகிற அந்த ‘சுர்ர்’ சத்தம் இதுதான். ஸ்டைல் நன்றாகப் பிடிக்கிறது என்பதற்கான அடையாளம் என்று சிலர் நினைக்கிறார்கள். கேட்ட அந்த நொடியிலேயே கையை எடுத்துவிட வேண்டிய சத்தம் அது.

தானாகக் காயவிடுவதா, டிரையரா?

கேட்டவுடன் எல்லோரும் சொல்லும் பதில், தானாகக் காயவிடுவதே நல்லது என்பது. 2011-ல் கொரியாவில் வெளியான ஓர் ஆய்வு இதைக் கொஞ்சம் கலைத்துப் போட்டது. முடிக்கற்றைகளை 30 தடவை கழுவிக் கழுவிக் காயவைத்தார்கள். ஒரு தொகுதி தானாகக் காய்ந்தது. மற்றவற்றில் டிரையரை 15 சென்டிமீட்டர் தூரத்தில் 47 டிகிரியில் 60 விநாடி, 10 சென்டிமீட்டரில் 61 டிகிரியில் 30 விநாடி, 5 சென்டிமீட்டரில் 95 டிகிரியில் 15 விநாடி என்று காட்டினார்கள். டிரையர் நெருங்க நெருங்க மேற்பரப்புச் செதில்களின் சேதம் கூடியது. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் தானாகக் காய்ந்த முடியில் செதில்களை ஒட்டி வைத்திருக்கும் உள் பசையடுக்கு சேதமாகியிருந்தது. டிரையர் பட்ட எந்தத் தொகுதியிலும் அது நடக்கவில்லை. முடி மணிக்கணக்கில் ஈரத்தில் உப்பியே கிடப்பதும் ஒரு சேதம் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். 15 சென்டிமீட்டர் தூரத்தில், ஓரிடத்தில் நிற்காமல் ஆட்டிக்கொண்டே டிரையர் பிடிப்பதைத்தான் அவர்கள் பரிந்துரைத்தார்கள்.

இதை வைத்துத் தானாகக் காயவிடுவதே தவறு என்று முடிவுகட்டத் தேவையில்லை. முடி மெல்லியதாக, அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும் என்றால் டிரையர் எதற்கு? அடர்த்தியாக, இடுப்பு வரை, பிடரிப் பக்கம் மாலை வரை ஈரமாகவே இருக்கிறது என்றால் கதை வேறு. அப்படிப்பட்ட முடிக்கு நடுவழிதான் சிறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, பாதிக்கு மேல் தானாகக் காயவிட்டு, மீதியை டிரையரில் மிதமான சூட்டில் முடிப்பது. டிரையரின் மூக்கு முடியிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கட்டும். காற்று வேரிலிருந்து நுனியை நோக்கிப் போகட்டும். செதில்கள் படிந்திருக்கும் திசை அதுதான். சுருள் முடிக்கு டிரையரின் மூக்கில் காற்றைப் பரப்பிவிடும் டிஃப்யூசர் மாட்டிக்கொண்டால் சுருளும் கலையாது, சூடும் ஒரே இடத்தில் குவியாது.

அயானிக் டிரையர் என்று விற்பதைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பறபறவென்று எழும் முடியை அடக்க அது உதவலாம். சூட்டிலிருந்து காக்கும் என்பதற்காக அதை வாங்க வேண்டாம். சூட்டையும் காற்றின் வேகத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடிகிற டிரையர் அதைவிட மேல்: வேகத்தைக் கூட்டி, சூட்டைக் குறைத்து வைக்கலாம். பின்பக்க வலையில் சேரும் தூசியை அவ்வப்போது எடுத்துவிடுங்கள். வலை அடைத்துக்கொண்டால் காற்று குறைந்து, வரும் காற்று அளவுக்கு மீறிச் சுடும்.

டிரையரும் பிரஷ்ஷுமா, ஸ்ட்ரெய்ட்னரா?

இரண்டிலும் முடி நேராகிறது. ஆனால் சூடு போகிற வழி வேறு. டிரையரிலிருந்து வருவது காற்று. போகிற வழியிலேயே ஆறிவிடும், முடியின் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை முடியும் ரொம்பச் சூடாகாது. ஸ்ட்ரெய்ட்னரில் 180 டிகிரியில் இருக்கும் இரண்டு தகடுகள் முடியை நேரடியாக அழுத்திப் பிடிக்கின்றன. தப்பிக்க இடமே இல்லை. அதனால் உங்களுக்கு வேண்டிய நேர்த்தி டிரையரிலும் உருளைப் பிரஷ்ஷிலும் கிடைத்துவிடுகிறது என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அலையலையான முடி உள்ள பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்துவிடும். கை வலிக்கும், நேரம் பிடிக்கும், அதை மறுக்க முடியாது. இரண்டையும் ஒன்றாக்கிய ஹாட் ஏர் பிரஷ் அந்தச் சிரமத்தைக் குறைக்கிறது. ஆனால் அதன் சூடான உருளை முடியைத் தொட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் சொட்டச் சொட்ட ஈரமான முடியில் அதைப் பயன்படுத்தக் கூடாது. முக்கால்வாசி காய்ந்த பிறகு எடுத்தால் நல்ல கருவி.

இறுக்கமான சுருளை நேராக்க வேண்டும், அல்லது கலையாத நேர்த்தி வேண்டும் என்றால் ஸ்ட்ரெய்ட்னர்தான் வழி. அதற்கு முன் ஒரே ஒரு நிபந்தனை: முடி முழுக்க, முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். புறங்கையைப் பிடரியில், முடியின் உள்ளடுக்குக்குள் விட்டுப் பாருங்கள். குளுகுளுவென்று இருந்தால் அங்கே இன்னும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விரல் நுனியைவிடப் புறங்கை இதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

ஈர முடியிலேயே பயன்படுத்தலாம் என்று சொல்லி விற்கும் ஸ்ட்ரெய்ட்னர்கள் இருக்கின்றன. நீராவி வெளியேற அதன் தகடுகளில் துளைகளோ இடைவெளிகளோ வைத்திருப்பார்கள். தகட்டுக்கு வெளியே வரும் ஆவிக்கு அது வழி. முடிக்கு உள்ளேயே கொதிக்கும் தண்ணீருக்கு அது எப்படி வழியாகும்? நேரம் மிச்சமாகும் என்பதைத் தவிர அதில் வேறு லாபம் எனக்குத் தெரியவில்லை. என் பரிந்துரையில் அதற்கு இடம் இல்லை.

கர்லிங் அயர்னில் சிக்கல் வேறு மாதிரி. ஸ்ட்ரெய்ட்னர் முடிமேல் ஓடிக்கொண்டே இருக்கும். இது ஒரே இடத்தில் நிற்கும். எண்ணிக்கொண்டே பிடித்து வைத்திருக்கும் பழக்கத்தில் நுனி உருளையின் மேல் நேராகப் பட்டு அதிக நேரம் வேகும். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் ஓரிரு விநாடிகளே போதும் என்கிறது. சின்னச் சின்னக் கற்றையாக எடுத்தால் அந்த நேரத்திலேயே சூடு உள்வரை போய்விடும். சுருட்டியதைச் சட்டென்று விட்டுவிடாமல் உள்ளங்கையில் தாங்கியோ கிளிப்பில் குத்தியோ ஆறவிடுங்கள்.

தகடு எதனால் ஆனது என்பதில் மனத்தைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. செராமிக் சூட்டைச் சீராகப் பரப்பும். டைட்டானியம் வேகமாகச் சூடேறி வேகமாக முடிக்குள் கடத்தும். பழகிய கைக்கும் தடித்த முடிக்கும் அது சரி, புதியவர்களுக்கு வேண்டாம். இதைவிட முக்கியம், எத்தனை டிகிரி என்று எண்ணில் காட்டுகிற கருவியா என்பது. சுவிட்ச் மட்டும் உள்ள ஸ்ட்ரெய்ட்னரில் நீங்கள் 160-ல் வைத்திருக்கிறீர்களா 220-ல் வைத்திருக்கிறீர்களா என்று தெரியவே தெரியாது.

எத்தனை டிகிரி?

தலைப்பு சிறியது, ஆனால் முழுக் கட்டுரையிலும் இதுதான் உங்கள் முடிக்கு மிக அதிகம் செய்யும். மெல்லிய முடி, சாயம் போட்ட முடி, ப்ளீச் செய்த முடி என்றால் 150 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். நடுத்தர முடிக்கு 150 முதல் 180. தடித்த, இறுக்கமான சுருளுக்கு 180 முதல் 200. இருநூறுக்கு மேல் யாருக்கும் வேண்டாம். கருவியில் 230 வரை இருக்கிறதே என்றால், அந்த எண் உலர்ந்த கெரட்டின் குலையும் எல்லை என்பதை மேலே பார்த்தோம். குலைவது அங்கே திடீரென்று தொடங்குவதும் இல்லை. அதற்கு வெகு முன்பே முடியின் அமினோ அமிலங்கள் சிதையத் தொடங்கிவிடும். நரைமுடி உள்ளவர்களுக்கு இது கண்ணுக்கே தெரியும்: அதிகச் சூட்டில் அயர்ன் செய்த வெள்ளை முடி மஞ்சளாகும். கருப்பு முடியிலும் அதே சிதைவு நடக்கிறது, நிறம் அதை மறைத்துவிடுகிறது.

ப்ளீச் செய்த முடியைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. ப்ளீச் டைசல்ஃபைட் பிணைப்புகளை ஏற்கெனவே உடைத்திருக்கும், செதில்களையும் அரித்திருக்கும். அந்த முடி தண்ணீரை அதிகமாகக் குடிக்கும், காய அதிக நேரம் எடுக்கும், தாங்கும் வெப்பமும் குறைவு. மூன்று பலவீனமும் ஒன்றாகச் சேர்ந்த முடி அது.

சரி, குறைந்த சூட்டில் ஐந்து தடவை இழுப்பதா, கொஞ்சம் கூடுதல் சூட்டில் ஒரே தடவை இழுப்பதா? எல்லைக்குள் இருக்கும் வரை ஒரே தடவைதான். 150-ல் ஐந்து தடவை இழுத்தும் நேராகாத தடித்த முடியை 180-ல் ஒரே சீராக, மெதுவாக ஒரு தடவை இழுப்பது நல்லது. ஒவ்வொரு தடவையும் சூடு மட்டுமில்லை, தகட்டின் அழுத்தமும் உரசலும் செதில்களில் விழுகின்றன. ஒரு தடவையில் முடிய வேண்டுமென்றால் கற்றை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போகக் கூடாது, சிக்கெடுத்திருக்க வேண்டும். பெரிய கற்றையில் வெளிமுடி வேகும், உள்முடிக்குச் சூடே போகாது. அதனால்தான் திரும்பத் திரும்ப இழுக்கிறோம். குறைந்த எண்ணில் ஆரம்பித்து, ஒரு தடவையில் நேராகவில்லை என்றால் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள். நேராகிற முதல் எண் எதுவோ அதுதான் உங்கள் எண். நுனிக்கு வரும்போது கையை வேகமாக எடுத்துவிடுங்கள்.

ஸ்ப்ரே, சீரம், க்ரீம், எண்ணெய்

இப்போது பாட்டிலுக்கு வருவோம். ஹீட் புரொடெக்டன்ட் பெரும்பாலும் சிலிக்கோன்களாலோ பாலிமர்களாலோ ஆனது. முடிமேல் மெல்லிய படலமாகப் படிந்து, சூடு உள்ளே போகும் வேகத்தைக் குறைக்கிறது, ஓரிடத்தில் குவியாமல் பரப்புகிறது. தகடு வழுக்கிக்கொண்டு போவதால் உரசலும் குறைகிறது. என் பார்வையில் இந்த வழுக்கலே பாதிப் பயன். எவ்வளவு காக்கிறது? மெக்மல்லன், யாகோவிச் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், சூட்டில் முடியின் ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் எவ்வளவு சிதைகிறது என்று அளந்தார்கள். பாலிமர் பூசிய முடியில் சிதைவு 10 முதல் 20 சதவீதம் குறைந்தது. பயன் உண்டு, பூசாமல் இருப்பதைவிடப் பூசுவது மேல். ஆனால் மீதி 80, 90 சதவீதச் சேதம் நடந்தே தீர்ந்தது என்பதையும் அதே எண் சொல்கிறது. பாட்டிலில் ‘230 டிகிரி வரை பாதுகாப்பு’ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஸ்ட்ரெய்ட்னரை 230-ல் வைப்பவர்களைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதுவரை ஒன்றும் ஆகாது என்பதற்கான உத்தரவாதம் அல்ல அது.

வாங்கும்போது பொருள் பட்டியலில் டைமெதிகோன், அமோடைமெதிகோன், சைக்ளோபென்டாசிலோக்சேன் போன்ற பெயர்களோ, பிவிபி என்று தொடங்கும் பாலிமர்களோ, ஹைட்ரோலைஸ்டு வீட் புரோட்டீனோ முன்வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி வரியில் இருந்தால் பேருக்குத்தான் இருக்கிறது. சிலிக்கோன் என்றாலே கெடுதல் என்ற பயத்தில் அதைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். முடியில் ஒட்டிக்கொண்டு கனமாக்கும் என்பது உண்மை, அதுவும் மெல்லிய முடியில் சீக்கிரம் தெரியும். அதற்கு அவ்வப்போது நல்ல ஷாம்பு போட்டு அலசினால் போதும். சூடு வைக்காத நாட்களில் சிலிக்கோன் வேண்டாம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சூடு வைக்கும் நாளில் அதைத் தவிர்ப்பதில் அர்த்தம் தெரியவில்லை.

ஸ்ப்ரேயா சீரமா என்பது முடியைப் பொறுத்தது. மெல்லிய முடிக்கு ஸ்ப்ரே. கனக்காது, எல்லா இழைக்கும் பரவும். தடித்த, வறண்ட, சுருளான முடிக்குக் க்ரீமோ சீரமோ. மென்மையும் சேர்ந்து கிடைக்கும். எதுவானாலும் ஈரமான முடியில் போட்டு, அகலப் பல் சீப்பால் ஒரு தடவை வாரிவிட்டு, அதன் பிறகு டிரையர். மேலாக அடித்தால் மேலடுக்கு மட்டும் பூசிக்கொள்ளும். பிடரிப் பக்கத்து முடி அப்படியே இருக்கும். காய்ந்த முடியில் அயர்ன் செய்யும் முன் தண்ணீர் கலந்த ஸ்ப்ரேயை அடித்த உடனே தகட்டை வைத்தால், முடியை நாமே நனைத்துவிட்டு வேகவைக்கிற கதையாகும். முழுக்கக் காயும் வரை பொறுக்க வேண்டும். கேனில் வரும் ஸ்ப்ரேக்களில் பெரும்பாலானவை தீப்பற்றக்கூடியவை, சூடான கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிக்க வேண்டாம். ஸ்டைல் கலையாமல் இருக்கப் போடும் ஹேர்ஸ்ப்ரே வேறு. அதை அயர்னுக்கு முன் போட்டால் பிசின் போல ஒட்டி முடியை இழுக்கும்.

தேங்காய் எண்ணெய் போதாதா என்ற கேள்வி நியாயமானது. அது முடிக்குள் ஊடுருவும் எண்ணெய்களில் ஒன்று. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் மினரல் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டையும்விட அது முடியின் புரத இழப்பை நன்றாகக் குறைத்தது தெரியவந்தது. ஆனால் அங்கே பார்த்தது அலசும்போதும் வாரும்போதும் ஏற்படும் இழப்பை, 180 டிகிரித் தகட்டை அல்ல. சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் சுமார் 175 டிகிரியில் புகையத் தொடங்கும், அதாவது ஸ்ட்ரெய்ட்னரின் வழக்கமான சூட்டுக்குக் கீழேயே. எண்ணெய் தடவிய முடியில் தகட்டை வைத்தால் புகையும் கருகல் வாசனையும்தான் மிச்சம். குளிப்பதற்கு முந்தைய இரவோ சில மணி நேரம் முன்னாலோ தடவி ஷாம்பு போட்டு அலசுங்கள். அந்த இடத்தில் அதற்கு நிகர் இல்லை. தகட்டின் முன் அது வேண்டாம்.

சூடே இல்லாத வழி

லேசாக ஈரமான முடியை ரோலரில் சுற்றியோ, பின்னியோ, துணி உருளையில் சுருட்டியோ விட்டு முழுக்கக் காய்ந்தபின் அவிழ்த்தால் அதே ஹைட்ரஜன் பிணைப்புதான் வேலை செய்கிறது. சூட்டுக்குப் பதில் நேரம். அலை, சுருள் இரண்டும் இதில் நன்றாக வரும். நேராக்குவது அவ்வளவாக வராது. நன்றாக நனைந்த முடியில் செய்தால் காலைவரை உள்ளே காயாது, அவிழ்த்ததும் விழுந்துவிடும்; தொட்டால் குளிர்ச்சி தெரிகிற அளவு ஈரம் போதும். ஈர முடி ரப்பர் போல நீளும், சீக்கிரம் அறுபடும், ஆகவே இறுக்கிக் கட்டக் கூடாது. தினமும் இறுக்கி இழுத்தால் நெற்றியோரத்தில் முடி கழிந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது. அடிக்கடி சுருட்டிக்கொள்பவர்கள் பாதி நாளையாவது இதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது என் ஆசை.

ஒரேயடியாக நேராக்கிவிட்டால்?

தினமும் அயர்ன் வைப்பதற்குப் பதில் பார்லரில் ஒரு தடவை கெரட்டின் ட்ரீட்மென்ட் செய்துகொண்டால் சேதம் குறையுமே என்று யோசிப்பவர்கள் நிறையப் பேர். கணக்கு சரியாகத்தான் தோன்றும். ஆனால் அந்தச் சிகிச்சையிலேயே க்ரீமைப் பூசி 200 டிகிரிக்கு மேல் சூடான தகட்டால் கற்றை கற்றையாகப் பல தடவை இழுக்கிறார்கள். பல க்ரீம்களில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, அல்லது சூடு பட்டதும் அது வெளியாகிறது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலமும் நிம்மதி தரவில்லை. அது கலந்த க்ரீமால் மூன்று தடவை முடியை நேராக்கிக்கொண்டு, மூன்று தடவையும் சிறுநீரகப் பாதிப்புக்கு ஆளான 26 வயதுப் பெண்ணைப் பற்றி 2024-ல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. முடியின் சேதத்தைத் தவிர்க்க உடம்புக்கு ஆபத்தை வாங்கிக்கொள்வது சரியான பேரம் அல்ல. செய்துகொள்வதென்று முடிவெடுத்துவிட்டால் க்ரீமின் பொருள் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

யாருக்கு எது

தினமும் ஸ்ட்ரெய்ட்னர் எடுப்பவர் நீங்கள் என்றால், முதலில் மாற்ற வேண்டியது எண்ணிக்கை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்குங்கள். தோல் மருத்துவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். தலைக்குக் குளித்த அன்று முழுதாக அயர்ன் செய்துவிட்டு, மறுநாள் முகத்தையொட்டிய கற்றைகளுக்கு மட்டும் ஒரு தடவை போதும். இரவில் வழவழப்பான துணியால் முடியைச் சுற்றிக்கொண்டு படுத்தால் காலையில் கலைந்திருப்பது குறையும், அயர்னுக்கு அவசியமும் குறையும். டிகிரி காட்டும் கருவி இல்லையென்றால் புது சீரத்துக்கு முன் அதை வாங்குங்கள்.

எப்போதாவது விசேஷத்துக்கு மட்டும் சூடு வைப்பவர்கள் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. முடி காய்ந்திருக்கிறதா, எண் 180-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கைவசம் இருக்கும் ஏதோ ஒரு சிலிக்கோன் சீரம் போதும். ப்ளீச்சோ சாயமோ போட்ட முடி என்றால் டிரையரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. நீண்ட, அடர்த்தியான, இயற்கையான முடி உள்ளவர்கள் பாதி காயவிட்டு மீதி டிரையர் என்ற வழியில் போனால் வருடக்கணக்கில் நுனி தாங்கும்.

சுருள் முடிக்காரர்கள் ஸ்ட்ரெய்ட்னர் எடுப்பதானால் ஒன்றை மட்டும் விடாமல் கவனிக்க வேண்டும். தலைக்குக் குளித்ததும் சுருள் முழுதாகத் திரும்புகிறதா? திரும்பினால் விட்டுப்போனது ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும்தான், கவலையில்லை. அங்கங்கே சில கற்றைகள் நனைந்த பிறகும் நேராகவே தொங்கினால் அங்கே கெரட்டினே குலைந்துவிட்டது. முகத்தையொட்டிய கற்றைகளிலும் உச்சிப் பக்கத்திலும் இது முதலில் தெரியும், ஏனென்றால் அங்கேதான் நாம் அதிகத் தடவை இழுக்கிறோம். மாஸ்க்கோ சீரமோ அந்தச் சுருளைத் திருப்பித் தராது. தொடுவதற்கு மென்மையாக்கும், அவ்வளவுதான். சூட்டை நிறுத்திவிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வாருங்கள். வேரிலிருந்து வருகிற முடி சுருளோடுதான் வரும். பழைய நேர்முடியும் புதுச் சுருளும் சேரும் இடத்தில் இழை சுலபமாக ஒடியும் என்பதால், அந்த மாதங்களில் கண்டிஷனர் போட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுங்கள்.